என்வி வைரம்: 2.87 கிகாஹெர்ட்ஸில் பள்ளமே விழவில்லை. எங்கிருந்து தேடுவது?

வைரச்சில்லு (கேள்வி)

அறை வெப்பநிலையில் என்வி மையங்களை (வைரத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும், பக்கத்தில் கார்பன் அணு இல்லாத காலியிடமும் சேர்ந்தவை) வைத்து ஒரு காந்தப்புல உணரி கட்ட வேண்டும். அதற்கு முதல் படியான ஓடிஎம்ஆர் கோடே, அதாவது நுண்ணலை ஸ்பின்னோடு ஒத்திசையும் 2.87 கிகாஹெர்ட்ஸில் சிவப்பு ஒளிர்வு குறையும் பள்ளமே, கிடைக்கவில்லை. அமைப்பை அப்படியே தருகிறேன்.

படிகம்: 3 × 3 × 0.3 மில்லிமீட்டர், உயர் அழுத்த உயர் வெப்ப முறையில் வளர்த்த ஒன்று-பி வகை வைரம், (100) முகம். நைட்ரஜன் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் அணுவில் 100), எலக்ட்ரான் கதிர்வீச்சும் அனீலிங்கும் (சூடாக்கிப் பதப்படுத்தல்) முடிந்தது என்று குறிப்பு சொல்கிறது.

லேசர்: 532 நானோமீட்டர், டயோடால் பம்ப் செய்யும் மலிவு வகை, 100 மில்லிவாட். லென்ஸ் இல்லை. 2 மிமீ அகலக் கற்றை நேராகப் படிகத்தில் விழுகிறது.

ஒளி அளவீடு: 650 நானோமீட்டர் லாங்பாஸ் ஃபில்டர் (அதைவிட நீண்ட அலைகளை மட்டும் விடுவது), பின்னால் பிபிடபிள்யூ34 போட்டோடயோடு, 1 மெகாஓம் பின்னூட்டம் உள்ள டிரான்ஸ்இம்பிடன்ஸ் ஆம்ப்ளிஃபயர் (மின்னோட்டத்தை வோல்ட்டாக்குவது). வெளியீடு 2.4 வோல்ட்.

நுண்ணலை: ஏடிஎஃப்4351 அதிர்வெண் உருவாக்கி போர்டு (+5 டிபிஎம்; 0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட்), 30 டிபி ஆம்ப்ளிஃபயர், அதன் முனையில் 8 மிமீ விட்டமுள்ள ஒற்றைச் செம்பு வளையம். வளையத்துக்கும் படிகத்துக்கும் 3 மிமீ இடைவெளி. நுண்ணலையை 1 கிலோஹெர்ட்ஸில் போட்டு அணைத்து, அந்தத் தாளத்தில் மாறும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன்னில் பார்க்கிறேன்.

2.80 முதல் 2.94 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினால் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ ஒரே மதிப்பு. 2.84 பக்கம் ஒரு சரிவு தெரிகிறது, ஆனால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாலும் அது நகர்வதில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்குவதா, படிகத்தை மாற்றுவதா?

பச்சைக்கற்றை (பதில்)

இரண்டும் வேண்டாம். அந்த 2.4 வோல்ட்டில் எவ்வளவு வைரத்தின் ஒளி என்பதே இன்னும் தெரியாது. அதை முடித்துவிட்டு நுண்ணலைப் பக்கம் போகலாம்.

டயோடால் பம்ப் செய்யும் பச்சை லேசருக்குள் நடப்பது இது: 808 நானோமீட்டர் டயோடு ஒரு நியோடிமியம் படிகத்தைப் பம்ப் செய்கிறது, அது 1064 நானோமீட்டரில் லேசராகிறது, இன்னொரு படிகம் அந்த அதிர்வெண்ணை இரட்டித்து 532 ஆக்குகிறது. மலிவு வகைகளில் கடைசி அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் இருப்பதில்லை, அல்லது பேருக்கு இருக்கும். ஆகவே 808-ம் 1064-ம் பச்சையோடு சேர்ந்தே வெளியே வரும். உங்கள் 650 லாங்பாஸ் பச்சையை நிறுத்தும். இவை இரண்டையும் வணங்கி உள்ளே விடும். சிலிக்கான் போட்டோடயோடுக்கோ 808 என்றால் கொண்டாட்டம். கண்ணுக்கும் இது ஆபத்து: அகச்சிவப்பு தெரியாது, கூச்சம் வராது, பச்சைக்கு மட்டுமான பாதுகாப்புக் கண்ணாடி அதைத் தடுக்காது.

சோதனை எளிது. படிகத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே அளவு கண்ணாடிச் சில்லை வையுங்கள். வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால், மிச்சம் நிற்பது லேசரின் கசிவு, அல்லது ஃபில்டரே உமிழும் ஒளிர்வு. நிறக் கண்ணாடி ஃபில்டர்கள் 532-ல் தாமே சிவப்பாக ஒளிரும். ஆகவே அவற்றை முதல் தடுப்பாக வைக்கக் கூடாது, குறுக்கீட்டு ஃபில்டருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். படிகத்தை ஒட்டிய பசையும் ஒளிரும். கசிவுக்கு மருந்து லேசரின் வாயிலேயே ஓர் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர், போட்டோடயோடுக்கு முன்னால் 800 நானோமீட்டர் ஷார்ட்பாஸ் ஒன்று. என்வி மையத்தின் எதிர்மின் நிலை 637-ல் கூர்கோடு கொடுத்து, அங்கிருந்து 800 வரை விரிந்து ஒளிர்கிறது. 650 முதல் 800 வரை போதும், பெரிய இழப்பு இல்லை.

அடுத்த சோதனைக்கு நுண்ணலையே வேண்டாம். நல்ல நியோடிமியம் காந்தம் ஒன்றைப் படிகத்துக்கு 1 செமீ அருகே கொண்டுபோங்கள். என்வி அச்சுக்குச் சாய்வாகச் சில நூறு காஸ் புலம் விழுந்தால் ஸ்பின் நிலைகள் (பூஜ்யம், +1, −1) ஒன்றோடொன்று கலந்துவிடும். பச்சை ஒளியால் பூஜ்ய நிலையில் சேர்ந்திருந்த மையங்கள் ±1 நிலைகளின் பங்கையும் ஏந்திக்கொண்டு, ஒளி தராத இடைநிலை வழியாக இறங்கத் தொடங்கும். ஒளிர்வு சில சதவீதம் குறையும். கண்ணாடியின் சிதறலோ 808 கசிவோ காந்தத்துக்கு அசையாது. இந்தக் குறைவு தெரியாதவரை 2.87-ல் தேடுவது வீண்.

லென்ஸ் இல்லாமல் விட்டது தனிச் சிக்கல். என்வி மையத்தை நிறைவுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ சதுர மைக்ரோமீட்டருக்கு 1 மில்லிவாட் வேண்டும். 100 மில்லிவாட்டை 2 மிமீ வட்டத்தில் பரப்பினால் அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அப்படியானால் ஒரு மையம் வினாடிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறைதான் கிளர்கிறது. ஸ்பின்னைப் பூஜ்ய நிலைக்கு ஒதுக்கப் பல சுற்றுகள் தேவை. அதற்கே மில்லிவினாடிக்கணக்கில் ஆகும். ஸ்பின் தானாகத் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும் இந்த வகை வைரத்தில் அதே மில்லிவினாடிக்கணக்குதான். ஒரு பக்கம் நிரப்ப, மறுபக்கம் ஒழுகுகிறது. அதன்மேல் 1 கிலோஹெர்ட்ஸில் போட்டு அணைத்தால் ஸ்பின் பின்தொடர நேரமே இல்லை. 150 மிமீ குவியத்தூரமுள்ள லென்ஸ் ஒன்று வைத்தால் புள்ளி 50 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கும். கிளர்வு வீதம் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறும். அதற்கும் கீழே சுருக்க வேண்டியதில்லை, பல மையங்களைச் சேர்த்து அளக்கும் கூட்டு அளவீட்டில் அதனால் ஆதாயம் குறைவு.

ஒரு சின்ன உபரி: வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4. உள்ளே பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி முகங்களில் முழு எதிரொளிப்பாகி, பக்க விளிம்புகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. போட்டோடயோடையும் ஃபில்டரையும் மெருகிட்ட பக்க விளிம்போடு ஒட்ட வைத்தால் லென்ஸ் இல்லாமலே முகத்தில் பிடிப்பதைவிட அதிகம் வரும்.

ஒமேகாவளையம் (பதில்)

மேலே சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் ஒளிப்பக்கம் முழுவதும் சரியானாலும் இந்த வளையத்தோடு கோடு வராது. கணக்கைப் பாருங்கள்.

+5 உடன் 30 கூட்டினால் +35 டிபிஎம் என்பது காகிதத்தில்தான். சிறிய ஆம்ப்ளிஃபயர் மாட்யூல்களில் பல +20 டிபிஎம் பக்கமே நிறைந்துவிடும். தரவுத்தாளில் 1 டிபி அமுக்கப் புள்ளி எவ்வளவு என்று பாருங்கள். +20 என்று வைத்துக்கொள்வோம், அதாவது 100 மில்லிவாட். 50 ஓம் கேபிளின் முனையைக் குறுக்குச் சுற்றாக்கினால் மின்னோட்டத்தின் உச்சம் சுமார் 0.13 ஆம்பியர்.

ஆனால் 8 மிமீ வளையம் 2.87 கிகாஹெர்ட்ஸில் குறுக்குச் சுற்றே இல்லை. 0.2 மிமீ கம்பியில் செய்திருந்தால் அதன் தூண்டம் (இண்டக்டன்ஸ்) ஏறத்தாழ 19 நானோஹென்றி, அதாவது 340 ஓம் எதிர்ப்பு. சுற்றளவு 25 மிமீ, அலைநீளத்தில் கால் பங்கு. வளையம் நெடுக மின்னோட்டம்கூட ஒரே சீராக இருக்காது. மின்னோட்டம் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. 3 மிமீ தள்ளியிருப்பதால் புலம் இன்னும் பாதி. மொத்தத்தில் படிகத்தில் விழுவது 0.015 காஸ் அளவு. என்வி-க்கு அச்சுக்குச் செங்குத்தான 1 காஸ் நுண்ணலைப் புலம் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் ராபி அதிர்வெண் (நுண்ணலை ஸ்பின்னைப் புரட்டும் வேகம்) தரும். உங்களுக்குக் கிடைப்பது 25 கிலோஹெர்ட்ஸ். 100 பிபிஎம் நைட்ரஜன் உள்ள வைரத்தில் கோட்டின் அகலமே 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அந்தச் சுவரை 25 கிலோஹெர்ட்ஸால் தட்டினால் அசையாது.

இதையே 1 மிமீ விட்ட வளையமாக்கி, படிகத்தின் முகத்தோடு ஒட்ட வையுங்கள். தூண்டம் 1 நானோஹென்றி, எதிர்ப்பு 19 ஓம், மின்னோட்டம் கிட்டத்தட்ட முழுசாக ஓடும். புலம் 1.3 காஸ், ராபி 2 மெகாஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரை மாற்றாமலே எண்பது, தொண்ணூறு மடங்கு. எஸ்எம்ஏ இணைப்பியின் நடு ஊசியிலிருந்து 0.2 மிமீ செம்புக் கம்பியை ஒரு ஊசிமுனையைச் சுற்றி வளைத்து, உடனே தரையில் பற்றவைத்தால் போதும். வளையம் வரை போகும் கம்பிக் கால்கள் 2 மிமீக்கு மேல் நீளக் கூடாது, அவையும் தூண்டம்தான். வளையத்தில் முழு ஆற்றலும் எதிரொளித்துத் திரும்பிவரும். ஆம்ப்ளிஃபயருக்கும் வளையத்துக்கும் இடையே 3 டிபி தணிப்பான் ஒன்றாவது இருக்கட்டும். சர்க்குலேட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

லேசர் புள்ளி வளையத்தின் நடுவில் விழ வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். சொல்லாவிட்டால் மறப்பது: படிகத்துக்குக் கீழே செம்புப் பூச்சுள்ள போர்டு இருந்தால் எதிர்த்திசை மின்னோட்டம் அதில் ஓடி, புலத்தை அழித்துவிடும். வளையத்துக்குக் கீழே உள்ள செம்பைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

எல்லா அதிர்வெண்ணிலும் வரும் அந்த மாறா மதிப்புக்குக் காரணம் பிக்கப். 1 கிலோஹெர்ட்ஸில் போட்டு அணைக்கும் நுண்ணலை, போட்டோடயோடின் கால்கள் வழியாக ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டில் ஏறி, அங்குள்ள டயோடு சந்திப்புகளில் நேராக்கப்பட்டு, அசல் சிக்னல் போலவே லாக்-இன்னில் நிற்கும். லேசரை மறையுங்கள். மதிப்பு அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். 2.84-ல் அசையாத சரிவும் கேபிள்-வளையச் சேர்க்கையின் ஒத்திசைவாக இருக்கும். கேபிளின் நீளத்தை மாற்றிப் பாருங்கள், அதுவும் இடம் மாறும்.

போட்டோடயோடு ஆம்ப்ளிஃபயரை உலோகப் பெட்டிக்குள் போடுவது பாதி மருந்து. மீதி, போட்டு அணைப்பதை விட்டுவிட்டு அதிர்வெண்ணை அசைப்பது. இரண்டு அதிர்வெண்களுக்கு நடுவே தாவினால் நுண்ணலையின் ஆற்றல் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், பிக்கப் இரண்டு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும். கோடு இருக்கும் இடத்தில் மட்டும் வித்தியாசம் வரும், அதுவும் நடுவில் பூஜ்யத்தைக் கடக்கும் வளைவாக. ஏடிஎஃப்4351-ல் அனலாக் அசைவு இல்லை, பதிவேடுகளை மாற்றி எழுதித்தான் தாவ வேண்டும். பூட்டும் நேரத்தையும் சேர்த்தால் சில நூறு ஹெர்ட்ஸ் வேகம் வசதியாக வரும். தாவல் அகலம் ஏறத்தாழ கோட்டின் பாதி அகலம், இந்த வைரத்துக்கு 3 மெகாஹெர்ட்ஸ். பூட்டும்வரை வெளியீட்டை நிறுத்திவைக்கும் பிட் இயங்கினால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலிலும் ஆற்றல் விழுந்து எழுந்து, விரட்டிய பிக்கப் கொல்லைப்பக்கமாகத் திரும்பி வரும்.

காலியிடம் (பதில்)

படிகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வாங்கிய சில்லின் நிறம் என்ன? ஒன்று-பி வைரம் வளர்ந்தபடியே இருந்தால் மஞ்சள். கதிர்வீச்சு மட்டும் ஆகி அனீலிங் ஆகாவிட்டால் பச்சை அல்லது நீலப்பச்சை. இரண்டும் சரியாக நடந்திருந்தால் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை, நைட்ரஜன் மிச்சத்தைப் பொறுத்து ஆரஞ்சுச் சாயலும் இருக்கலாம். மஞ்சளாக இருந்தால் உள்ளே நைட்ரஜன் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் காலியிடம் இல்லை. அப்படியும் கொஞ்சம் என்வி இருக்கும், லாக்-இன்னில் கோடு வரவும் வரும். ஆனால் ஒளி மிகக் குறைவு.

எவ்வளவு கதிர்வீச்சு என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் ஒன்று வைரத்தில் ஒரு செமீ ஓட்டத்தில் ஒன்றிரண்டு காலியிடங்களை உண்டாக்கும். சதுர செமீக்கு 10¹⁸ எலக்ட்ரான் பாய்ச்சினால் கன செமீக்கு 1.5 × 10¹⁸ காலியிடம். வைரத்தில் கன செமீக்கு 1.76 × 10²³ அணுக்கள், ஆகவே இது எட்டு, ஒன்பது பிபிஎம். 100 பிபிஎம் நைட்ரஜனுக்கு இது சரியான பங்கு. பத்து மடங்கு கூட்டினால் பத்து மடங்கு என்வி வரும் என்று கணக்குப் போடக் கூடாது. எதிர்மின் நிலைக்கு ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் எலக்ட்ரான் வேண்டும். அதைத் தருவது காலியிடம் சேராமல் தனியே நிற்கும் இன்னொரு நைட்ரஜன். காலியிடம் நைட்ரஜனில் பாதியை நெருங்கினால் கொடுக்க ஆள் இல்லாமல் மையங்கள் மின்சுமையற்ற நிலைக்குப் போகும். அந்த நிலையின் கூர்கோடு 575 நானோமீட்டர், 2.87-ல் அதற்குக் கோடு கிடையாது. ஆனால் 650-க்கு மேலும் ஒளிர்வதால் உங்கள் கான்ட்ராஸ்டை (கோட்டில் ஒளிர்வு குறையும் பங்கு) நீர்த்துப்போகச் செய்யும். நிறமாலைமானி கிடைத்தால் 575, 637 இரண்டின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். லேசரின் செறிவு ஏறினாலும் இந்த மாற்றம் நடக்கும், மேலே நண்பர் 50 மைக்ரோமீட்டரோடு நிறுத்தச் சொன்னதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனீலிங் 800 முதல் 900 டிகிரி செல்சியஸ், இரண்டு மணி நேரம். காலியிடங்கள் 600-க்கு மேல்தான் நகர ஆரம்பிக்கின்றன. நகர்ந்து நைட்ரஜன் பக்கத்தில் வந்தால் அங்கேயே தங்கிவிடும். வெற்றிடம் 10⁻⁶ மில்லிபார் அளவில் இருக்க வேண்டும். சூடேறும்போது உலைச்சுவரும் பீங்கான் படகும் வாயு விடும், அழுத்தம் ஏறினால் வெப்பத்தை அங்கேயே நிறுத்தி, இறங்கியதும் தொடருங்கள். ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தாலும் 800-ல் வைரத்தின் முகம் அரிக்கப்படும். நல்ல வெற்றிடத்திலும் மேலே மெல்லிய கருப்புப் படலம் வரலாம், அது கிராஃபைட். கொதிக்கும் கந்தக அமில-நைட்ரிக் அமிலக் கலவையில் புகைக்கூண்டுக்குள் கழுவினால் போகும். பலரும் பெர்குளோரிக் அமிலத்தையும் சேர்ப்பார்கள்; அதற்கென்றே கட்டிய, நீரால் கழுவும் புகைக்கூண்டு இல்லாத இடத்தில் அதைத் தொடவே கூடாது, கரிமப் பொருள் பட்டால் வெடிக்கும். அமிலமே வேண்டாம் என்றால் காற்றில் 450 முதல் 500 டிகிரியில் சில மணி நேரம் வைத்தாலும் கிராஃபைட் எரிந்துவிடும், வைரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

இன்னொன்று: இந்த முறையில் வளர்ந்த வைரம் பல வளர்ச்சிப் பகுதிகளாக இருக்கும், பகுதிக்குப் பகுதி நைட்ரஜன் அளவு மாறும். பச்சை லேசரை விரித்து அடித்து, சிவப்பு ஃபில்டர் வைத்த கேமராவில் பாருங்கள். சில்லின் ஒரு மூலை பளிச்சென்றும் மறு மூலை மங்கியும் இருந்தால் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

வைரச்சில்லு (பதில்)

எல்லோருக்கும் நன்றி. சோதனை முடிவுகள்:

சில்லின் நிறம் கருஞ்சிவப்பு. கண்ணாடிச் சில்லு வைத்தால் 1.1 வோல்ட் மிச்சம். லேசர் வாயில் அகச்சிவப்புத் தடுப்பும், போட்டோடயோடுக்கு முன் 800 ஷார்ட்பாஸும் போட்டபின் கண்ணாடியில் 0.02, வைரத்தில் 1.25 வோல்ட். காந்தம் கொண்டுபோனால் 1.21. லேசரை மறைத்தாலும் லாக்-இன் மதிப்பு மாறவில்லை, ஆகவே பிக்கப் உறுதி.

1 மிமீ வளையம், 150 மிமீ லென்ஸ், அதிர்வெண் தாவல் மூன்றும் சேர்ந்ததும் 2.87-ல் கோடு வந்துவிட்டது. காந்தம் இல்லாதபோதும் அது இரட்டையாக, நடுவில் சிறு மேடோடு இருக்கிறது. இது பூமியின் புலமா? அடுத்து, ஒரே கோட்டைப் பின்தொடர்ந்தால் அளவு மெதுவாக ஒரே திசையில் நகர்கிறது. எந்த அளவு உணர்திறன் எதிர்பார்க்கலாம்?

ஒமேகாவளையம் (பதில்)

பூமியின் புலம் அரை காஸ். அது முழுசாக ஓர் அச்சின் மேல் விழுந்தால்கூட இரண்டு கோடுகளும் 2.8 மெகாஹெர்ட்ஸ்தான் பிரியும். 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலமுள்ள கோட்டில் அது பிளவாகத் தெரியாது. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் படிகத்துக்குள்ளேயே இருப்பது: சுற்றியுள்ள மின்சுமைகளின் மின்புலமும் இறுக்கமும் சேர்ந்து ±1 நிலைகளைச் சில மெகாஹெர்ட்ஸ் பிரிக்கின்றன. நைட்ரஜன் மிகுந்த வைரத்தில் இது வழக்கம். பூஜ்யப் புலத்தில் வேலை செய்யாதீர்கள். அங்கே கோடு சிறு காந்தப்புலத்துக்கு நேர்விகிதமாக அசையாது.

ஒரு காந்தத்தை நிலையாகப் பொருத்தி 30 காஸ் கொடுங்கள். (100) முகத்துக்குச் செங்குத்தாகக் கொடுத்தால் நான்கு என்வி அச்சுகளும் புலத்தோடு ஒரே 54.7 டிகிரி கோணத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் விழும் கூறு 17.3 காஸ், காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் வீதம் 2.87-க்கு இருபுறமும் 48 மெகாஹெர்ட்ஸ் தள்ளிக் கோடுகள் விழும். இரண்டும் சேர்ந்து இரண்டரை மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளியிருக்கும், அது செங்குத்துக் கூறின் வேலை. நான்கு அச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கான்ட்ராஸ்ட் நான்கு மடங்கு கிடைக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு கோடும் எட்டாகப் பிரியும். புலத்தின் திசையும் வேண்டுமென்றால் அந்த எட்டுதான் தேவை.

பச்சைக்கற்றை (பதில்)

நகர்வுக்குக் காரணம் வெப்பம். 2.87 கிகாஹெர்ட்ஸ் என்பது நிலையான எண் இல்லை. ஒரு டிகிரி ஏறினால் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். ஒரே கோட்டைப் பின்தொடர்ந்தால் ஒரு டிகிரி மாற்றம் அச்சுத்திசையில் 2.6 மைக்ரோடெஸ்லா பொய்ப் புலமாகத் தெரியும். 100 மில்லிவாட் பச்சையையும் நுண்ணலையையும் வாங்கிக்கொண்டு பசையில் தொங்கும் சில்லு பல டிகிரி ஏறுவது சாதாரணம். செம்புத் துண்டில் ஒட்டலாம் என்று தோன்றும், ஆனால் மேலே சொன்னபடி அது நுண்ணலையைக் கொன்றுவிடும். நீலக்கல் தகடோ அலுமினியம் நைட்ரைடு தகடோ வையுங்கள், இரண்டும் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குமேல், இரண்டு கோடுகளையும் மாறிமாறிப் பின்தொடருங்கள். இரண்டின் வித்தியாசம் புலம், கூட்டுத்தொகை வெப்பநிலை. காந்தத்தின் வலிமையும் வெப்பத்தோடு மாறும் என்பதை மட்டும் இது சரிசெய்யாது. நியோடிமியத்துக்குப் பதில் சமேரியம்-கோபால்ட் என்றால் அந்த மாற்றம் வெகுவாகக் குறையும்.

உணர்திறனுக்கு: கோட்டின் அகலத்தை 0.77-ஆல் பெருக்கி, நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸால் வகுத்து, பிறகு கான்ட்ராஸ்டாலும் வினாடிக்கு எண்ணும் எலக்ட்ரான்களின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். உங்கள் 1.25 மைக்ரோஆம்பியர் என்பது வினாடிக்கு 7.8 × 10¹² எலக்ட்ரான். நைட்ரஜன்-14 அணுக்கரு ஒவ்வொரு கோட்டையும் 2.16 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் மூன்றாகப் பிரிப்பதால், பிரித்தறிய முடியாத மொத்த அகலம் 6 மெகாஹெர்ட்ஸ் என்று கொள்வோம். கான்ட்ராஸ்ட் 1 சதவீதம் என்றால் ஷாட் இரைச்சல் (எலக்ட்ரான்கள் தனித்தனியே எண்ணப்படுவதால் தவிர்க்க முடியாத ஏற்ற இறக்கம்) எல்லை, வர்க்கமூல ஹெர்ட்ஸுக்கு சுமார் 6 நானோடெஸ்லா.

அந்த எல்லையை இந்த லேசர் தொட விடாது. மலிவு பச்சை லேசரில் முறைகள் தாவுவதால் வரும் ஒளி ஏற்ற இறக்கம் ஷாட் இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது, சில நூறு ஹெர்ட்ஸில் இன்னும் மோசம். லேசரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டால் பிரித்து, இரண்டாவது போட்டோடயோடில் வாங்கி, மின்னோட்டங்களைக் கழித்துவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள். கழித்தல் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே நடக்க வேண்டும், பின்னால் கணினியில் கழித்தால் இரண்டு சேனல்களின் தனித்தனி நகர்வு மிஞ்சும். 1 மெகாஓம் பின்னூட்டத்தின் வெப்ப இரைச்சல் ஷாட் இரைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், அதைத் தொட வேண்டாம். பின்னூட்டத்துக்கு இணையாக 10 பிகோஃபாரட் போட்டால் 16 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும்.

காலியிடம் (பதில்)

இரைச்சலையும் கழித்த பிறகு அடுத்த ஏற்றம் படிகத்தில்தான் இருக்கிறது. தனி நைட்ரஜனின் பிபிஎம் அளவையும் ஸ்பின் ஒத்திசைவு சிதறும் நேரத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 10 மைக்ரோவினாடி. 100 பிபிஎம்முக்கு 0.1 மைக்ரோவினாடி, 10 பிபிஎம்முக்கு 1. அதற்கும் கீழே போனால் 1.1 சதவீதமாக இருக்கும் கார்பன்-13 எல்லை வைக்கத் தொடங்கும். கார்பன்-12 மட்டும் கொண்டு ஆவிப்படிவு முறையில் வளர்த்த வைரம் அதற்குத்தான். நைட்ரஜனைக் குறைத்தால் என்வி எண்ணிக்கையும் குறையும், ஒளி குறையும். கோடு சுருங்கும் ஆதாயம் பொதுவாக அந்த இழப்பை விஞ்சும்.

வைரச்சில்லு (பதில்)

கடைசியாக ஒன்று. இதே மேசையில் வைரத்துக்குப் பதில் ஹெக்சகனல் போரான் நைட்ரைடோ சிலிக்கான் கார்பைடோ வைத்துப் பார்க்க முடியுமா? சிலிக்கான்-காலியிட மையம் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள்.

காலியிடம் (பதில்)

போரான் நைட்ரைடு முடியும், ஃபில்டரை மாற்றினால். எதிர்மின் போரான் காலியிடம் 3.48 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, உங்கள் ஏடிஎஃப்4351 4.4 வரை போகும். 532-லேயே கிளர்த்தலாம். ஆனால் ஒளிர்வு 850 நானோமீட்டர் பக்கம் பரவியது. இப்போது நீங்கள் போட்டிருக்கும் 800 ஷார்ட்பாஸ் சிக்னலையே வெட்டிவிடும். அதை எடுத்துவிட்டால் லேசரின் 808 கசிவு சிக்னலின் நடுவிலேயே உட்காரும். ஆகவே லேசர் வாயில் இருக்கும் தடுப்பு மட்டுமே உங்களைக் காப்பாற்றும், அது நல்லதாக இருக்க வேண்டும். கோடும் அகலமானது: சுற்றியுள்ள மூன்று நைட்ரஜன் அணுக்கரு அதை 47 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏழாகப் பிரிக்கிறது. தாவல் அகலத்தை 3 மெகாஹெர்ட்ஸிலிருந்து பல பத்துகளுக்கு ஏற்றுங்கள். ஸ்பின் தளர்வு நேரம் மைக்ரோவினாடிகளில், ஆகவே லேசர் செறிவும் அதிகம் வேண்டும். அச்சு ஒன்றே ஒன்று, அடுக்குக்குச் செங்குத்தாக. படிகத்தைத் திருப்பிப் புலத்தோடு பொருத்தும் தொல்லை இல்லை என்பது உண்மையான வசதி.

சிலிக்கான் கார்பைடில் இரட்டைக் காலியிடம் 1.3 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஒளிர்வு 1.1 மைக்ரோமீட்டருக்கு அப்பால், சிலிக்கான் போட்டோடயோடு அங்கே கிட்டத்தட்ட குருடு. இண்டியம் காலியம் ஆர்செனைடு வேண்டும். கிளர்த்தவும் பச்சை பொருந்தாது, 900 நானோமீட்டர் பக்கம் வேறு லேசர் தேவை. ஏடிஎஃப்4351 2.2-க்குக் கீழே உள்ளே வகுத்துத் தருவதால் ஹார்மோனிக்ஸ் அதிகம், ஒரு லோபாஸ் போடாமல் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கக் கூடாது.

வைரத்தில் சிலிக்கான்-காலியிட மையம் இந்த மேசைக்கானது இல்லை. ஒளியில் அது அருமை: 737 நானோமீட்டரில் பெரும்பகுதி ஒரே கூர்கோட்டில் வருகிறது, என்வி-யில் அது மூன்று, நான்கு சதவீதம்தான். சமச்சீர் அமைப்பால் சுற்றுப்புற மின்புலமும் அதை அவ்வளவு அசைக்காது. ஆனால் தரைநிலை 50 கிகாஹெர்ட்ஸ் அளவே பிரிந்திருப்பதால் ஃபோனான்கள் (படிகத்தின் அதிர்வுகள்) ஸ்பின்னைக் கலைத்துவிடும், 100 மில்லிகெல்வினுக்குக் கீழே போனால்தான் ஒத்திசைவு நீளும். வெள்ளீயம் சேர்ந்த மையத்தில் அந்தப் பிளவு 850 கிகாஹெர்ட்ஸ், ஆகவே 1 கெல்வினுக்குச் சற்று மேலேயே ஓட்டலாம். எப்படியும் கிரையோஸ்டாட் வேண்டும். அவை குவாண்டம் வலைப்பின்னலின் கணுக்களுக்கு. காந்தப்புலம் அளக்க என்வி-யை விட்டு அங்கே போக ஒரு காரணமும் இல்லை. கழித்தல் போட்டோடயோடை முதலில் முடியுங்கள்.